சட்டை பட்டன் அளவு வந்தால் ஊசி: நாயின் தோலில் கட்டி கண்டால் செய்ய வேண்டியது

நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் லேடீஸ் டெய்லர். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. முப்பது வருஷமாகக் கழுத்தில் இஞ்சு டேப் தொங்குகிறது, காலடியில் ஏதாவது ஒரு நாய் கிடக்கிறது. வெட்டுத் துணிக் குவியலை விட நல்ல மெத்தை நாய்க்கு வேறு கிடையாது. தெருவில் யார் வீட்டு நாய்க்குக் கட்டி வந்தாலும் "டெய்லரக்காகிட்ட காட்டு" என்று அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்களிடம் வாய் வலிக்கச் சொல்வதை எழுதித்தான் வையேன் என்றாள் பெரிய மகள். அதனால் இது.

முதலில் டைகரைச் சொல்ல வேண்டும். செவலை நாட்டு நாய். ஒன்பது வயதில் பின்னங்காலில், முட்டிக்குக் கீழே சின்ன உருண்டை ஒன்று கையில் தட்டியது. கொண்டைக்கடலை அளவு. ஒரு இடத்தில் கொண்டுபோய்க் காட்டினோம். விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதாம்மா, வயசானா வரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். அந்தக் கட்டி ஒரு வாரம் வீங்கும், மறு வாரம் வற்றும். வற்றும்போதெல்லாம் எனக்கு நிம்மதி. "கச்சான் காத்துல நீர் வத்திப் போச்சு" என்றார் எதிர்வீட்டு மாமா. எட்டு மாதம் இப்படியே ஓடியது. பிறகு சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தான். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. மதுரைக்குக் கொண்டு போனோம். மீன் இறக்கிவிட்டுத் திரும்பும் லோடு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். அங்கே ஊசி போட்டுப் பார்த்துச் சொன்ன பெயர், மாஸ்ட் செல் கட்டி.

நாயின் தோலில் வரும் புற்றுகளில் அதிகம் காணப்படுவது இதுதானாம். மாஸ்ட் செல் என்பது அலர்ஜி வந்தால் தடிப்பு உண்டாக்குகிற அதே செல். உள்ளே ஹிஸ்டமின் என்ற சரக்கைப் பொட்டலம் பொட்டலமாக வைத்திருக்கும். பொட்டலம் உடைந்தால் கட்டி வீங்கும், சிவக்கும். அது அடங்கினால் சுருங்கும். அதே ஹிஸ்டமின் இரத்தத்தில் கலந்து வயிற்றில் அமிலத்தைக் கூட்டிப் புண்ணாக்கும். வாந்தியும் கறுப்பு மலமும் அதனால்தான். வற்றியதைப் பார்த்து நான் மெழுகுவர்த்தி ஏற்றினேனே, அதுதான் அந்தக் கட்டியின் அடையாளமே.

அன்று அந்த டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "சின்னதா இருந்தப்ப வந்திருந்தா சுத்தி வெட்டி எடுத்துட்டு தோலை இழுத்துத் தச்சிருப்பேன்மா. இப்ப தைக்கத் தோல் பத்தாது. காலையே எடுக்கணும். எடுத்தாலும் உள்ள பரவிருச்சு." துணி பத்தாது என்று வாடிக்கையாளரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதை என்னிடம் ஒருத்தர் சொன்னது அன்றைக்குத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கையால் பார்ப்பது

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நான் பார்ப்பேன். உங்களுக்கு எந்த நாளோ அந்த நாள். ஆனால் வாரம் ஒரு தரம், ஒரே நாளில். நாயைக் கொஞ்சுவது போல ஆரம்பியுங்கள். கண்ணை நம்பாதீர்கள், முடிக்குள் எதுவும் தெரியாது. விரல் நுனியால் தோலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே போக வேண்டும், துணியில் முடிச்சு இருக்கிறதா என்று தடவுகிற மாதிரி. உதட்டைத் தூக்கி ஈறு, காதின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், நெஞ்சு, வயிறு, தொடை இடுக்கு, விரல் இடுக்கு, நகக்கண், கடைசியில் வாலைத் தூக்கி ஆசனவாயைச் சுற்றி. எல்லோரும் விட்டுவிடுவது அக்குளும் விரல் இடுக்கும்.

ஆண் நாய்க்கும் முலைக்காம்பு உண்டு. சிரிக்காதீர்கள். எங்கள் தெருப் பையன் ஒருத்தன் உண்ணி என்று நினைத்து இடுக்கியால் பிடித்து இழுத்து, நாய் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இரண்டு வரிசையாக, இடமும் வலமும் ஜோடி ஜோடியாக இருந்தால் அது காம்பு. பெட்டை நாய்க்கு அந்தக் காம்புக்கு அடியிலேயே கல் மாதிரி உருண்டை தட்டினால் அது முலைக்கட்டி. கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு அதிகம் வருவது. ஏறக்குறைய பாதி புற்றாகவே இருக்கும் என்பார்கள். அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று. தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்பக்கம் நெறி, அதாவது நிணநீர்ச் சுரப்பி, இருக்கும். அது இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கியிருந்தால் தோல் சமாச்சாரம் இல்லை. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நெறியிலேயே வருகிற புற்றாகவும் இருக்கலாம். அந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள்.

அளந்து எழுதுவது

பிரவுன் பேப்பரில் நாயை இரண்டு பக்கமும் வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறேன், பிளவுஸுக்குப் பேப்பர் கட்டிங் வைப்பது போல. கட்டி எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு புள்ளி, பக்கத்தில் எண். அந்த எண்ணுக்கு நோட்டில் தேதியும் அளவும். "தொடையில ஏதோ இருந்துச்சு" என்று டாக்டரிடம் சொன்னால் அவர் எதைத் தேடுவார்?

டேப்பைக் கட்டியின் மேல் வளைத்து அளக்காதீர்கள். மேட்டின் மேல் ஏறி இறங்குவதால் அளவு கூடிக் காட்டும். இரண்டு ஐஸ் குச்சியைக் கட்டியின் இரண்டு ஓரத்திலும் நிமிர்த்தி வைத்து, இடைவெளியை அளக்க வேண்டும். நீளம், அகலம் இரண்டும் வேண்டும். இஞ்சில் வேண்டாம், டேப்பைத் திருப்பி மில்லிமீட்டரில் எழுதுங்கள். பிறகு போனில் ஒரு படம், பக்கத்தில் ஒரு சட்டை பட்டன் வைத்து. சாதாரணச் சட்டை பட்டன் 11 மி.மீ. இருக்கும், எந்த ஊரில் வாங்கினாலும் அநேகமாக அதே அளவு.

அளவோடு சேர்த்து எழுத வேண்டியவை: மெத்தென்று இருக்கிறதா, கல் மாதிரியா, தோலோடு சேர்ந்து நகர்கிறதா, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, மேலே முடி உதிர்ந்திருக்கிறதா, சிவப்பா, கறுப்பா, நாய் நக்குகிறதா. இதைத் தொட்டுப் பார்க்க ஒரு தடவை போதும். சந்தேகம் தீரவில்லை என்று அமுக்கிக்கொண்டே இருந்தால், மாஸ்ட் செல்லாக இருக்கும் பட்சத்தில் பொட்டலத்தை நீங்களே உடைத்த மாதிரி.

கட்டி போலத் தெரிந்தும் கட்டி அல்லாதவை நம் பக்கத்தில் நிறைய. முதல் எதிரி சீமைக் கருவேல முள். பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்து, விரல் இடுக்கில் சிவந்த உருண்டையாக வீங்கும். கருவாடு காயப்போடுகிற இடத்தில் திரிகிற நாய்க்கு கெழுத்தி முள் இதே வேலையைச் செய்யும். உண்ணியைத் தலை அறுந்து போகப் பிடுங்கினால் அங்கே கடுகு போல ஒரு தடிப்பு சில வாரம் நிற்கும். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட இடத்தில் உருண்டை வந்து சில வாரத்தில் கரையும். சிமெண்டுத் தரையில் படுக்கிற பெரிய நாய்க்கு முழங்கையில் நீர்ப்பை. காது மடல் பலூன் மாதிரி உப்பினால் அது உள்ளே இரத்தம் கட்டியது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும். காரணம் தெரியாத உருண்டைதான் என் நோட்டில் ஏறும்.

என் கணக்கு இதுதான்: சட்டை பட்டன் அளவை எட்டிவிட்டால் ஊசிப் பரிசோதனை. அந்த அளவு இல்லாவிட்டாலும், ஒரு மாதம் ஆகியும் போகவில்லை என்றால் ஊசி. வேகமாக வளர்ந்தால், இரத்தம் கசிந்தால், வீங்கி வற்றினால் ஒரு மாதம்கூடப் பொறுக்க வேண்டாம்.

ஊசி என்றால் என்ன

பயப்பட ஒன்றுமில்லை. தடுப்பூசி போடுகிற மாதிரியான மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, உள்ளே இருக்கும் செல்லைக் கொஞ்சம் உறிஞ்சி, ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை. நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தால் முடிந்துவிடும். கொழுப்புக் கட்டியானால் சில்லில் எண்ணெய் தடவியது போல மினுங்கிக்கொண்டு காயாமல் நிற்கும். மாஸ்ட் செல்லானால் ஊதா நிறத்தில் பொடிப் பொடியாகத் தெரியும். சிலவற்றில் ஊசிக்கு எதுவும் வராது; அப்போது ஒரு துண்டு வெட்டி அனுப்ப வேண்டியிருக்கும்.

கேட்பதற்குத்தான் நமக்கெல்லாம் கூச்சம். டாக்டர் "கொழுப்புதாம்மா" என்றால் எதிர்த்துப் பேசுவதா என்று. நான் இப்போது கேட்பது இப்படி: "சரிங்க சார். ஆனாலும் ஒரு ஊசி போட்டு ஸ்லைடுல பாத்துட்டா எனக்கு மனசு ஆறும் சார்." கோபித்துக்கொண்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. விரலுக்குக் கண் கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும். அங்கே வசதி இல்லை என்றால் எங்கே போகலாம் என்று அவரிடமே கேளுங்கள். சாயல்குடி, மூக்கையூர் பக்கம் இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொண்டி, நம்புதாளைக்காரர்களுக்கு ஒரத்தநாட்டுக் கல்லூரி பக்கம். எங்களுக்கு எல்லாமே தூரம்தான், பாம்பன் பாலத்தைத் தாண்டியாக வேண்டும்.

ஊசிப் பரிசோதனைக்கு முன்னால் யாராவது ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கட்டியைக் கரைக்கிறேன் என்றால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். சில புற்றுகள் அதில் தற்காலிகமாகச் சுருங்கும். என்ன கட்டி என்று பிறகு கண்டுபிடிப்பது கஷ்டமாகிவிடும்.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. குட்டி நாய், இரண்டு மூன்று வயதுக்குள் இருக்கிற நாய்க்கு முகத்திலோ காதிலோ காலிலோ சிவப்பு பட்டன் தைத்தது போல ஒன்று திடீரென எழும்பும். ஹிஸ்டியோசைட்டோமா என்று பெயர். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக உதிர்ந்துவிடும். வாயில் பூக்கோசு மாதிரி வருகிற வைரஸ் மருவும் அப்படித்தான். கிழ நாய்க்கு ஆங்காங்கே வருகிற மருக்கள் அழகைத்தான் கெடுக்கும். கருத்தடை செய்யாத கிழட்டு ஆண் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றி உருண்டை வந்தால், விதையை எடுத்த பிறகு அநேகமாக அது சுருங்கிவிடும்; ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிற கட்டி அது. இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள். பெயர் வைக்க வேண்டியது ஸ்லைடு.

செய்யவே கூடாதவை: குதிரை முடியோ நைலான் நரம்போ வைத்துக் கட்டியை இறுக்கிக் கட்டுவது. கடற்கரையில் நரம்புக்குப் பஞ்சமா, எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். மேலே இருப்பது அழுகி விழும், வேர் உள்ளேயே இருக்கும். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது. மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில். வலிக்கு என்று நாம் விழுங்குகிற பாராசிட்டமால், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் நாய்க்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். மஞ்சள் தடவினால் கெடுதல் இல்லை. கட்டி போகவும் போகாது.

வெட்டி எடுப்பது

துணியை வரைந்த கோட்டிலேயே வெட்டினால் தைக்க முடியுமா? கோட்டுக்கு வெளியே தையலுக்குக் கொஞ்சம் விட்டுத்தானே வெட்டுகிறோம். கட்டியும் அப்படியே. மாஸ்ட் செல் என்று தெரிந்தால் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும், அடியில் ஒரு அடுக்கையும் சேர்த்து எடுக்கப் பார்ப்பார்கள். பட்டன் அளவுக் கட்டிக்கே உள்ளங்கை அளவு தோல் போகும். முதுகிலும் விலாவிலும் நாய்க்குத் தோல் தொளதொளவென்று இருக்கும், இழுத்துத் தைத்துவிடலாம். முழங்காலுக்குக் கீழே தோல் எலும்போடு ஒட்டியிருக்கும்; வால், முகத்திலும் அதே கதை. ஆகவே காலில் வந்த கட்டிக்கு என் பட்டன் கணக்குகூட அதிகம். பட்டாணி அளவிலேயே ஓடுங்கள்.

முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பாடு கொடுக்காதீர்கள். தண்ணீரை எப்போது எடுக்க வேண்டும் என்று டாக்டரே சொல்வார். பரிதாபப்பட்டு ஒரு மீன் துண்டு போட்டால், மயக்கத்தில் வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் போய்விடும்.

வெட்டிய கட்டியைக் குப்பையில் போட விடாதீர்கள். ஆய்வகத்துக்குப் போக வேண்டும். பாம்பனில் ஒரு தம்பி, நல்ல எண்ணத்தில்தான், வெட்டிய கட்டியை மீன் மாதிரி ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். உறைந்து செல் எல்லாம் உடைந்து, பார்க்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. 10 சதவீத ஃபார்மலினில், கட்டியைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும். 2018இல் மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று கிளம்பிய பேச்சில் எங்கள் பிழைப்பே ஆடியது. அந்தப் பெயரைக் கேட்டாலே இங்கே எல்லோருக்கும் எரிச்சல். ஆனால் அதன் சரியான இடம் இந்தக் குப்பிதான். ஊசி போட்டு எடுத்த ஸ்லைடையும் ஃபார்மலின் குப்பியையும் ஒரே பையில் வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டாலே ஸ்லைடில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஓரம் சுத்தமா, அதாவது வெட்டிய விளிம்பில் புற்றுச் செல் இல்லையா. இரண்டு, தரம், அதாவது புற்று எவ்வளவு மூர்க்கம் என்பது; இதில் உயர்ந்த தரம்தான் மோசம். மாஸ்ட் செல்லுக்கு முன்பெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் போடுவார்கள்; 2011இல் வந்த முறையில் குறைந்த தரம், உயர்ந்த தரம் என்று இரண்டுதான். இரண்டையும் சேர்த்தும் எழுதுவதுண்டு.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள். அதுவரை கடலில் இறங்க விடக் கூடாது. ஈ உட்கார்ந்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், கருவாட்டுக் காலத்தில் சொல்லவே வேண்டாம். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவார்கள். அடி அறுத்த பிளாஸ்டிக் வாளியும் ஆகும், ஆனால் வாசற்படியில் இடித்துக்கொண்டே திரியும். உடம்பில் தையல் இருந்தால் நான் பழைய டி-சர்ட்டை மாட்டிவிடுவேன். முன்னங்கால் இரண்டும் கைப் பகுதியில், கழுத்து கழுத்தில். தொளதொளக்கும் துணியை முதுகுப் பக்கம் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுவிட வேண்டும். ஆண் நாய்க்கு வயிற்றுப் பக்கம் பாதியோடு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மூத்திரத்தில் நனைந்து தையலே அழுகும்.

தெரு நாய்க்கு வருவது

பஸ் நிறுத்தத்தில் மணி என்று ஒரு தெரு நாய். அவனுக்கு வந்தது வேறு வகை. குறியிலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம். மூக்கு ஓரத்திலும் பூக்கோசு மாதிரி சிவப்புச் சதை. அடி வாங்கியிருப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பெட்டை நாயாக இருந்தால் "தீட்டு" என்று விட்டுவிடுவார்கள். இது இணைசேரும்போதும், மோந்து நக்கும்போதும் நாயிலிருந்து நாய்க்கு ஒட்டுகிற புற்று. கிருமி இல்லை, புற்றுச் செல்லே நேராக ஒட்டிக்கொண்டு வளர்கிறது. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாயின் உடம்பில் பிறந்த செல்தான் இன்று உலகம் முழுக்கத் தெரு நாய்களில் உயிரோடு இருக்கிறதாம். மனிதருக்கு வராது.

கேட்கவே பயங்கரம், ஆனால் நான் பார்த்ததில் நன்றாகக் குணமானது இதுதான். வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு தடவை நரம்பில் போடுவார்கள். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம். நம் மணிக்கு ஐந்து வாரத்தில் முடிந்தது. நரம்பை விட்டு மருந்து வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும், அதனால் நாய் ஆடாமல் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஊசிக்குப் பிறகு சில நாள் மூத்திரம், மலத்தைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போக வேண்டாம். இரண்டாவது ஊசிக்கே இரத்தம் நின்றதும், சரியாகிவிட்டது என்று எல்லோரும் கைவிடப் பார்த்தார்கள். டாக்டர் போதும் என்று சொல்லும்வரை விடக் கூடாது. முடிந்ததும் கருத்தடையும் செய்துவிட்டோம்.

வெள்ளை நாய்க்கு

இப்போது இருப்பவள் வெள்ளைச்சி, ராஜபாளையம் கலப்பு. பால் வெள்ளை, மூக்கு ரோஸ், வயிற்றில் முடியே இல்லை. மணலில் மல்லாந்து படுத்து வெயில் காய்வதில் அவளுக்குத் தனி சுகம். நம் கடற்கரையில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, வெள்ளை மணலிலிருந்தும் ஏறும். இந்த மாதிரித் தோலில் வருஷக்கணக்கில் வெயில் பட்டால் வயிற்றிலும் தொடை உள்பக்கத்திலும் முதலில் சிவப்பு, பிறகு சொரசொரப்பு, பொருக்கு. அப்புறம் இரத்தக் கொப்புளம் போலச் சின்னச் சின்னப் புள்ளி, அல்லது ஆறாத புண். மூக்கு நுனியில் ஆறாத புண்ணும் அதே சாதி. இரண்டும் புற்றாக இருக்கக்கூடியவை.

காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை நிழலில் கட்டுங்கள். நாம் பூசுகிற வெயில் கிரீம் வேண்டாம். அதில் துத்தநாக ஆக்சைடு இருந்தால் நக்கி விழுங்கி உடம்புக்கு ஆகாது. நான் அவளுக்குச் சட்டை தைத்திருக்கிறேன். நெருக்கமாக நெய்த பருத்தி, வெளிர் நிறம். கழுத்துச் சுற்றளவு, நெஞ்சுச் சுற்றளவு, கழுத்திலிருந்து வால் அடிவரை நீளம், இந்த மூன்று அளவு போதும். நெஞ்சில் நாலு விரல் தளர்வாக விடுங்கள், அக்குள் வெட்டை ஆழமாக எடுங்கள், இல்லாவிட்டால் உரசிப் புண்ணாகும். வயிற்றைத்தான் மூட வேண்டும், முதுகை அல்ல. ஆகவே திறப்பு முதுகில் வர வேண்டும். அங்கே நாடா வைத்துக் கட்டுங்கள். பட்டன் மட்டும் வைக்காதீர்கள். முதல் சட்டையில் வைத்த இரண்டையும் பிய்த்து விழுங்கி, மறுநாள் காலையில்தான் திருப்பிக் கொடுத்தாள்.